கம்மாபுரத்திலிருந்து வீட்டுத் திரை வரை: காவல் நிலையக் கதைகள் சொன்னதும் சொல்லாததும்

1993-ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், விருத்தாசலம் வட்டத்தைச் சேர்ந்த முதனை கிராமத்தின் ஏழைக் கூலித் தொழிலாளி ராஜாக்கண்ணு, திருட்டுச் சந்தேகத்தின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. அடுத்த மாதம், ஏப்ரல் 14 அன்று, சன் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்று முதல் தமிழ் வீடுகளின் கூடத்தில் எத்தனையோ காவல் நிலையங்கள் வந்துபோயின. எத்தனையோ அதிகாரிகள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாகனத்திலிருந்து இறங்கினார்கள். கம்மாபுரத்தில் நடந்தது அந்தத் திரைக்கு வந்துசேர மட்டும் 28 ஆண்டுகள் ஆயின.

இந்த 28 ஆண்டு இடைவெளி ஏன் ஏற்பட்டது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் செய்தி. காவல் துறைக் கதைகள் சமூகப் பிரச்சினைகளைப் பேசுகின்றன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது உண்மைதான். ஆனால் எந்தப் பிரச்சினையைப் பேசுகின்றன, யாருடைய பக்கம் நின்று பேசுகின்றன என்பதைப் பொறுத்தே அவை நம் உள்ளத்தில் நீதியை வளர்க்கின்றனவா, நீதியின்மையைப் பழக்கப்படுத்துகின்றனவா என்பது அமையும்.

முதலில் இந்த வகைக் கதைக்கு ஏன் இத்தனை வலிமை என்பதைக் காண்போம். ஓர் ஊரில் நிலத் தகராறு கொண்டவர், கணவனிடம் அடிபட்ட பெண், கூலி கிடைக்காத தொழிலாளி, பிள்ளையைத் தொலைத்த தாய் ஆகிய எல்லோரும் ஒரு நாள் வந்து நிற்கும் இடம் காவல் நிலையம். மருத்துவமனையைத் தவிர அத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ் காட்டும் இடம் வேறொன்று இல்லை. ஆகவே கதை சொல்பவர்கள் அந்த வாசலை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயினும் ஒரே வாசலை இருபுறமிருந்தும் பார்க்கலாம். மேசைக்கு உள்ளே அமர்ந்திருப்பவருக்குத் தெரியும் உலகம் வேறு. மேசைக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியும் உலகம் வேறு.

தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் மேசையின் உட்புறமே முழுமையாகக் காட்டப்பட்டது. அமெரிக்காவில் 1951-இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘டிராக்நெட்’ என்னும் தொடர், லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் துறையின் ஒத்துழைப்போடு, அத்துறையின் வழக்குகளை அடிப்படையாகக் கொண்டு எடுக்கப்பட்டது. அதில் காவலர் தவறு செய்ய மாட்டார். பிரிட்டனில் 1955 முதல் 1976 வரை ஓடிய ‘டிக்சன் ஆஃப் டாக் கிரீன்’ தொடரின் காவலர், பேட்டையில் உள்ள அனைவருக்கும் மாமா போன்றவர். 1962-இல் வந்த ‘இசட் கார்ஸ்’ இந்தச் சித்திரத்தில் முதல் விரிசலை உண்டாக்கியது. காவலர் ஒருவர் தன் மனைவியையே அடித்திருப்பதை அது காட்டியது. காவல் துறையினரிடையே எதிர்ப்பு எழுந்தது. 2002 முதல் 2008 வரை ஒளிபரப்பான ‘தி வயர்’ இன்னும் பல படிகள் முன்சென்றது. முன்னாள் செய்தியாளர் ஒருவரும், காவல் துறையிலும் பள்ளியிலும் பணியாற்றிய ஒருவரும் சேர்ந்து உருவாக்கிய அத்தொடர், பால்டிமோர் நகரின் போதைப்பொருள் தெருவில் தொடங்கி, துறைமுகம், நகர மன்றம், பள்ளிக்கூடம், செய்தித்தாள் அலுவலகம் என ஐந்து பருவங்களில் ஒரு நகரத்தையே விசாரணைக் கூண்டில் ஏற்றியது. குற்றவாளி யார் என்ற கேள்வி அங்கே பின்னுக்குப் போனது. குற்றம் எதில் விளைகிறது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

நம் நாட்டிலும் நல்ல தொடக்கம் இருந்தது. 1989-இல் தூர்தர்ஷனில் வந்த ‘உடான்’ தொடர் ஒரு பெண் காவல் அதிகாரியாவதைச் சொன்னது. அதை எழுதி, இயக்கி, நடித்த கவிதா சௌத்ரி, தம் சகோதரி காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையைத் தழுவி அதை அமைத்தார். அந்தச் சகோதரி பின்னர் 2004-இல் உத்தராகண்டின் காவல் துறைத் தலைமை இயக்குநர் ஆனார். இந்திய மாநிலம் ஒன்றில் அப்பதவியை ஏற்ற முதல் பெண் அவரே. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. காக்கி உடையில் பெண்ணைப் பார்ப்பது இயல்பாக மாறத் தொடங்கிய காலம் அது. ஒரு நல்ல தொடரும் ஓர் அரசு முடிவும் ஒரே காலத்தில் ஒரே திசையில் நடக்க முடியும் என்பதற்கு இது சான்று.

தமிழ் வீடுகளில் மிகுதியாக ஓடியவை வேறு வகைக் கதைகள். தொடர்களைவிடத் திரைப்படங்களே இங்கே காவல் நிலையத்தை அறிமுகம் செய்தன. 1974-இன் ‘தங்கப்பதக்கம்’ கடமைக்காகச் சொந்த மகனையும் விட்டுக்கொடுக்காத அதிகாரியைக் காட்டியது. அதில் சட்டம் அதிகாரியை விடப் பெரியது. 2003-இல் வந்த ‘சாமி’, ‘காக்க காக்க’, 2010-இன் ‘சிங்கம்’ போன்றவற்றில் அந்த வரிசை தலைகீழாயிற்று. அதிகாரி சட்டத்தைவிடப் பெரியவர் ஆனார். நீதிமன்றம் தாமதம் செய்யும் இடமாகவும், வழக்கறிஞர் குற்றவாளியைத் தப்பவிடுபவராகவும், துப்பாக்கி மட்டுமே தீர்ப்பாகவும் ஆக்கப்பட்டன. பண்டிகை நாள்களில் தொலைக்காட்சிகள் இவற்றைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அடி வாங்குபவன் குற்றவாளிதான் என்று கதை முன்பே நமக்குச் சொல்லிவிடுவதால், அடி நமக்கு உறுத்துவதில்லை.

அந்தப் பழக்கம் திரையோடு நிற்பதில்லை. 2019 டிசம்பரில், ஐதராபாத் அருகே ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்ட வழக்கில் கைதான நால்வரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றபோது, மக்கள் அந்தக் காவலர்கள் மீது மலர் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்பூர்கர் ஆணையம் 2022-இல் அளித்த அறிக்கை, காவலர்கள் கூறிய தற்காப்புக் கதை நம்பத்தக்கதல்ல என்றும், கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டது என்றும் கண்டது. மலர் தூவியவர்கள் கொடியவர்கள் அல்லர். அந்தப் பெண்ணுக்காகத் துடித்தவர்கள். ஆனால் விசாரணை இன்றி வரும் முடிவை நீதி என்று ஏற்றுக்கொள்ள அவர்களுடைய கண்கள் நெடுநாளாகப் பழகியிருந்தன.

இனி நம் பகுதியின் கதைக்கு வருவோம். அதன் வேர் 1993-க்கு மிக முற்பட்டது. விருத்தாசலம் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைக்கவும் மக்கள் சித்திரவதை செய்யப்பட்டதை ஆராய ஆங்கிலேய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கை 1855-இல் வெளிவந்தது. வரி வசூலும் காவல் பணியும் ஒரே கையில் இருந்ததே கொடுமைக்கு வாய்ப்பளித்தது என்று உணர்ந்து, 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. ஆக, இன்று நாம் காணும் காவல் துறையின் பிறப்புச் சான்றிதழிலேயே சித்திரவதை என்ற சொல் இருக்கிறது. அதை ஒழிப்பதற்காகப் பிறந்த துறை அது. காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்ததும் இந்த அனுபவத்தை ஒட்டியதே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு சட்டமும் அதே காலத்தில் வந்தது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம், சில சாதிகளையும் பழங்குடிகளையும் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911-இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. விடுதலைக்குப் பின், 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீங்கியது. சட்டம் நீங்கியது, சந்தேகம் நீங்கவில்லை. ஊரில் நகை காணாமற்போனால் முதலில் எந்தக் குடிசையைத் தட்ட வேண்டும் என்பது நிலையத்தில் எழுதப்படாத பாடமாக நீடித்தது.

முதனையில் தட்டப்பட்டதும் அத்தகைய குடிசைதான். ராஜாக்கண்ணுவின் உறவினர்களும் துன்புறுத்தப்பட்டார்கள். அவர் நிலையத்திலிருந்து தப்பி ஓடிவிட்டார் என்று காவலர்கள் கூறினார்கள். அவருடைய உடலோ, அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்த மீன்சுருட்டிப் பகுதியில், பெயர் தெரியாத ஒருவரின் உடலாகப் பதிவாகியிருந்தது. எழுத்தறிவும் பணபலமும் இல்லாத அவருடைய மனைவி அந்தக் கதையை ஏற்க மறுத்தார். ஊர்க்காரர்களும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் துணை நின்றார்கள். வழக்கறிஞர் கே. சந்துரு, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். காணாமற்போனவரை எங்கே என்று அரசிடம் கேட்கும் அந்தச் சிறிய மனுதான் தப்பி ஓடிய கதையை உடைத்தது. நிகழ்வு நடந்து 13 ஆண்டுகள் கழித்து, 2006-இல், உயர் நீதிமன்றம் காவலர்களுக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டில் சந்துரு அந்நீதிமன்றத்தின் நீதிபதியானார்.

தா.செ. ஞானவேல் இயக்கத்தில் சூர்யா நடித்த ‘ஜெய் பீம்’ 2021 நவம்பர் 2 அன்று அமேசான் பிரைம் தளத்தில் வெளியானது. அது திரையரங்கைத் தாண்டி நேரே வீட்டுக்கு வந்த படம். தொலைக்காட்சித் தொடரைப் போலவே குடும்பமாக அமர்ந்து பார்க்கப்பட்டது. அதன் முதல் காட்சியிலேயே, சிறையிலிருந்து விடுதலையாகி வெளியே வருபவர்களிடம் சாதி கேட்கப்படுகிறது. சிலர் வீட்டுக்குப் போகிறார்கள். சிலர் வேறு நிலுவை வழக்குகளுக்காக மீண்டும் வாகனத்தில் ஏற்றப்படுகிறார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நூற்றாண்டு நிழலை ஒரு பாடநூல் பல பக்கங்களில் விளக்க வேண்டியதை அந்தச் சில நிமிடங்கள் விளக்கிவிடுகின்றன. அதற்கு முன்பே, 2015-இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்ட ‘விசாரணை’, காவல் நிலையக் கொடுமையை அனுபவித்த மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நூலிலிருந்து உருவாகி, அந்த மேசையின் வெளிப்புறத்தைக் காட்டியிருந்தது.

‘ஜெய் பீம்’ உண்மையை அப்படியே தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உண்மையில் பாதிக்கப்பட்டவர் குறவர் சமூகத்தவர். படத்தில் அவர் இருளர். ஆண்டு 1995 ஆக மாற்றப்பட்டது. கொடுமை செய்த அதிகாரியின் பெயர் மாறியது; அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படம் ஒரு சமூகத்தைச் சுட்டுவதாக எதிர்ப்பு எழ, அது பின்னர் நீக்கப்பட்டது. கதைக்காகச் செய்யப்படும் மாற்றத்துக்கும் விலை உண்டு. ஓர் அநீதியைச் சொல்லும் கதை, இன்னொரு கூட்டத்தார் மீது பழியின் நிழல் விழாதபடி காத்துக்கொள்ள வேண்டும். மேலும், திரைக்கு நாயகன் ஒருவர் தேவைப்படுவதால் வழக்கறிஞர் முன்னே நிற்கிறார். உண்மையில் இந்த வழக்கின் முதுகெலும்பு, கணவனின் உடலைக்கூடக் காணாத நிலையிலும் சமரசத்துக்கு இணங்காத அந்தப் பெண்ணின் உறுதியே.

2022-இல் வந்த இரு தமிழ் இணையத் தொடர்கள் இந்தப் பாதையில் தொடர்ந்தன. திருச்சிப் பகுதியைக் களமாகக் கொண்ட ‘விலங்கு’, ஒரு சாதாரண நிலையத்தின் அன்றாட நெருக்கடிகளைக் காட்டியது. ‘சுழல்’ தொடர், ஒரு சிமென்ட் ஆலையின் வேலைநிறுத்தத்தில் தொடங்கிக் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையில் வந்து முடிந்தது. பீங்கான் சூளைகளை நம்பி வாழும் நம் ஊருக்கு அந்தக் களம் அந்நியமானதன்று. ஆலை ஒன்று தும்மினால் ஊர் முழுவதும் காய்ச்சல் வரும் என்பதை நாம் அறிவோம். அத்தொடர் சொன்ன கசப்பான உண்மை வேறு: பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் வெளியாள் அல்லர், வீட்டுக்குள் மதிப்போடு நடமாடுபவராகவும் இருக்கக்கூடும். மதரஸாவிலும் பள்ளியிலும் பிள்ளைகளைப் பொறுப்பில் கொண்ட நாம் அனைவரும் காது கொடுக்க வேண்டிய செய்தி இது.

முஸ்லிம்களாகிய நமக்கு இந்தக் கதைகளில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. நெடுங்காலம் காவல் துறைக் கதையில் தொப்பியும் தாடியும் தோன்றினால் பின்னணி இசை மாறும். அதற்கு மாற்றாகச் சில முயற்சிகள் வந்துள்ளன. 2020-இல் வெளியான இந்தித் தொடர் ‘பாதாள் லோக்’கில் வரும் இம்ரான் அன்சாரி, நேர்மையான இளம் காவலர், குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர். சக ஊழியர்களின் குத்தல் பேச்சுகளை அவர் மௌனமாகக் கடக்கும் விதம், நம் பிள்ளைகள் பலரின் அலுவலக வாழ்க்கையை நினைவூட்டும். ஆயினும் நம் மீது விழும் சந்தேகத்தை மட்டும் கண்டு வருந்துவதும், முதனைக் குடிசை மீது விழுந்த சந்தேகத்தைக் காணாமல் கடப்பதும் நீதியாகாது. பிறப்பை வைத்துக் குற்றவாளியைத் தீர்மானிக்கும் நோய் ஒன்றுதான். நோயாளிகளின் பெயர்கள்தாம் வேறு.

நம் மார்க்கச் சட்டக் கல்வி இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு மனிதர் குற்றமற்றவர் என்பதே அடிப்படை நிலை. உறுதியான ஆதாரம் வந்தால் மட்டுமே அது மாறும். வற்புறுத்திப் பெற்ற ஒப்புதலைப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் ஏற்பதில்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் ஒரு நிகழ்வு சொல்லப்படுகிறது. இரவு ரோந்தில், ஒரு வீட்டில் தவறு நடப்பதாக ஐயுற்று, சுவரேறி உள்ளே போனார்கள். வீட்டுக்காரர், தான் செய்த தவறு ஒன்று என்றால் ஆட்சியாளர் செய்த தவறுகள் மூன்று என்று எண்ணிக் காட்டினார்: துருவி உளவு பார்த்தது, வாசல் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. அதிகாரத்தின் உச்சியில் இருந்தவர் அந்த வாதத்தை ஏற்றுத் திரும்பினார்கள். சட்டம் ஆட்சியாளரையும் கட்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. வீட்டுத் திரையில் கதவை உதைத்துத் திறக்கும் நாயகனைக் கண்டு கைதட்டும் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டிய கதை இது.

காவலர்களை வெறுக்கச் சொல்வது நம் நோக்கமன்று. வெள்ளத்தின்போதும் நோய்த்தொற்றுக் காலத்திலும் நம் தெருக்களில் நின்றவர்கள் அவர்கள். ஓய்வு குறைவு, மேலிட அழுத்தம், அரசியல் தலையீடு என அவர்கள் சுமக்கும் பாரமும் பெரிது. நல்ல தொடர்கள் அதையும் காட்டுகின்றன. நிலையத்தில் சட்டம் மதிக்கப்பட்டால் நல்ல காவலருக்கும் அது கவசம்.

அவ்வாறு மதிக்கப்படுவதற்கான விதிகள் ஏற்கெனவே நம்மிடம் உள்ளன. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டிய 11 நெறிகளை வகுத்தது. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் ஒரு சாட்சியின் கையொப்பம் வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு. 2020 டிசம்பரில், காவல் நிலையங்கள் அனைத்திலும் கண்காணிப்புக் கேமரா பொருத்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்திருந்தார்கள். விதி ஏட்டில் இருப்பது போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

எனவே இவ்வகைத் தொடரோ படமோ வீட்டில் ஓடும்போது, நாம் பிள்ளைகளோடு சேர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். இந்தக் கதை மேசையின் எந்தப் பக்கம் நிற்கிறது? அடிபடுபவர் குற்றவாளி என்பதற்கு நமக்குக் காட்டப்பட்ட ஆதாரம் என்ன? நாளை அந்த இடத்தில் நம் அண்டைவீட்டார் நின்றால், நமக்குத் தெரிந்த சட்டம் எது, துணைக்குச் செல்லப்போவது யார்? மஹல்லாவில் மாதம் ஒரு முறை வழக்கறிஞர் ஒருவரை அழைத்து, மேற்சொன்ன 11 நெறிகளை இளைஞர்களுக்கு விளக்கச் செய்தால், மூன்றாம் கேள்விக்கு விடை தானே கிடைக்கும்.

கம்மாபுரத்தில் நடந்தது, நடந்த அன்றே பலருக்குத் தெரியும். அதை வழக்காக்க ஒரு பெண் தேவைப்பட்டார். தீர்ப்பாக்க 13 ஆண்டுகளும், கதையாக்க 28 ஆண்டுகளும் தேவைப்பட்டன. அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் இறைவனுக்கும் இடையில் திரை இல்லை என்பது நம் நம்பிக்கை. நமக்கும் அவருக்கும் இடையில் உள்ள திரையை விலக்குவதே நம் கடமை. அதற்குரிய உள்ளத்தையும் துணிவையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.